மங்கிய மணியெல்லாம் பழைய மணியா?

கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சங்கு, சிப்பிப் பொருள்களோடு பாசிமணி மாலைகளும் விற்பனையாகின்றன. மங்கலாகவும் குழி விழுந்தும் உள்ள கண்ணாடி மணி பண்டைக்காலத்தது என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை சோதனைக்கு நிற்பதில்லை.

ஈரமண்ணில் நெடுங்காலம் புதைந்த கண்ணாடியிலிருந்து சோடியம் கசிந்து வெளியேறும், மேற்பரப்பு மங்கும். ஆனால் புதுமணியை அமிலத்தால் அரித்தும் இத்தோற்றத்தை உண்டாக்கலாம்.

செய்முறையும் தீர்ப்புக் கூறாது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி மணி செய்தனர். ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் அவ்வாறே செய்தனர்.

வேதிப் பகுப்பாய்வு ஓரளவு உதவும். செலினியமும் காட்மியமும் 1817இல் கண்டறியப்பட்டவை. இவற்றால் நிறமூட்டிய சிவப்பு மணி பழையதாக இருக்க முடியாது. பண்டைய மணிகளின் சிவப்பு செம்பினால் வந்தது. ஆயினும் செம்பை இன்றும் சேர்க்கலாமே! ஆகவே புதியதைப் புதியது எனக் காட்டுவது எளிது. பழையதைப் பழையது என நிறுவுவதே கடினம்.

1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது காலத்தைக் கணிக்க உதவியவை, மண்ணடுக்குகளில் கிடைத்த ரோமானிய மட்கலங்களே. மண்ணைவிட்டுப் பிரிந்த மணி தன் சாட்சியை இழந்துவிடுகிறது. மாணவர்களே, நிலத்தில் மணியைக் கண்டால் எடுக்காதீர்கள்; இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.