டைடலசின் சிறகும் நியூட்டனின் விதியும்

மலையுச்சியிலிருந்து இரு கைகளையும் சிறகாக விரித்துக்கொண்டு குதித்தால் என்ன ஆகும்? எலும்பு முறியும் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆயினும் பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனை என்றும் விட்டதில்லை. கிரேக்கர்கள் டைடலஸ் என்னும் தச்சனையும் அவன் மகன் இக்காரசையும் மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு வானத்தில் பறக்கவிட்டார்கள். நம் இராமாயணத்தில் சம்பாதியும் சடாயுவும் கதிரவனை நோக்கிப் பறந்தார்கள். இன்று அதே ஆசையைத் திரையின் முன் அமர்ந்து தீர்த்துக்கொள்ள முடிகிறது.

‘இம்மார்ட்டல்ஸ் ஃபீனிக்ஸ் ரைசிங்’ என்னும் கணிப்பொறி விளையாட்டையே இங்குக் குறிப்பிடுகிறேன். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கியூபெக் கிளை இதை உருவாக்க, 2020 டிசம்பர் 3ஆம் நாள் இது வெளிவந்தது. இதைத் ‘திறந்த உலக’ விளையாட்டு என்பார்கள். தண்டவாளத்தில் ஓடும் வண்டி போல ஒரே வழியில் செல்லாமல், காசிமேட்டிலிருந்து கிளம்பும் படகைப் போல, ஆடுபவர் விரும்பிய திசையில் போகலாம்; விரும்பிய இடத்தில் நிற்கலாம்.

இதைப் பற்றி எழுத ஓர் அறிவியல் இதழில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இவ்விளையாட்டின் உலகில் புவியீர்ப்பு உண்டு, காற்று உண்டு, எடை உண்டு, களைப்பு உண்டு. நம் மாணவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரத்தில் செலவிடும் நேரத்தை இந்த உலகில் ஒரே இரவில் செலவிட்டுவிடுகிறார். அங்கே அவர் கற்கும் இயற்பியல் எத்தகையது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டாமா?

வில்லுப்பாட்டு போல ஒரு கதை

டைஃபான் என்னும் அரக்கன் பாதாளச் சிறையை உடைத்து வெளியேறுகிறான். தேவர்களின் ஆற்றலைப் பறித்து அவர்களை உருமாற்றிவிடுகிறான். அழகுத் தெய்வம் அஃப்ரோடைட் மரமாகிறாள். போர்த் தெய்வம் ஏரிஸ் சேவலாகிறான். அறிவுத் தெய்வம் ஏதீனா குழந்தையாகிறாள். கொல்லுத் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் இயந்திரப் பொம்மையாகிறான். இவர்களை மீட்கும் பொறுப்பு, கேடயம் சுமக்கும் சாதாரண வீராங்கனையான ஃபீனிக்ஸ் தலையில் விழுகிறது. விரும்பினால் ஃபீனிக்ஸை ஆணாகவும் அமைத்துக்கொள்ளலாம்.

இக்கதையைச் சொல்பவன் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த புரோமீதியஸ். கேட்பவன் அவனைப் பாறையில் விலங்கிட்ட தேவராசன் சீயஸ். ஒருவன் கதை சொல்ல, மற்றவன் இடைமறித்துக் கேலி பேச, நம் வில்லுப்பாட்டில் ஆமாம் போடுபவர் குறுக்கே கேள்வி கேட்பதைப் போலவே கதை நகர்கிறது. உரையாடல் முழுதும் இருக்கும் நகைச்சுவை நல்ல இன்பம். ஆனால் அவ்வுரையாடல் தமிழில் இல்லை. தமிழ் வழியில் பயின்ற மாணவருக்குப் பாதிச் சிரிப்பு நட்டமாகிவிடுகிறது. நல்ல வேளையாக, புதிர்களுக்கு மொழி தேவையில்லை.

களைப்பின் கணக்கு

மலையேறும்போதும் நீந்தும்போதும் பறக்கும்போதும் திரையில் ஒரு சிறு பட்டை குறைந்துகொண்டே வரும். அது ஃபீனிக்ஸின் தெம்பைக் காட்டுவது. பட்டை தீர்ந்தால் கை நழுவிவிடும். சமதரையில் சற்று நின்றால் பட்டை நிரம்பும். நீலக் காளானைத் தின்றாலும் நிரம்பும்.

இதில் ஒரு நல்ல இயற்பியல் பாடம் ஒளிந்திருக்கிறது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 100, அதாவது 58,800 ஜூல். இது ஏறத்தாழ 14 கிலோ கலோரி. உண்ட உணவில் சுமார் நான்கில் ஒரு பங்கையே தசைகள் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், 56 கிலோ கலோரி போதும். ஓரிரு இட்லிகளில் இந்த ஆற்றல் கிடைத்துவிடும்! அப்படியானால் 100 மீட்டர் செங்குத்துப் பாறையில் நாம் ஏன் திணறுகிறோம்?

இங்கேதான் ஆற்றல் வேறு, திறன் வேறு என்பது புலனாகிறது. அந்த வேலையை ஒரு நிமிடத்தில் முடிக்க 980 வாட் திறன் வேண்டும். ஒரு குதிரைத் திறனே 746 வாட்தான். ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் 196 வாட் போதும். விளையாட்டின் பட்டை விரைவில் காலியாகி, ஓய்வில் விரைவில் நிரம்புகிறது. வயிற்றிலுள்ள உணவை அளக்கும் அளவுகோலாக அது நடந்துகொள்ளவில்லை. தசைகள் தாங்கும் திறனின் எல்லையையே காட்டுகிறது. இதை அமைத்தவர்கள் அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும், செய்தது சரியே.

பறக்கும்போதும் பட்டை குறைகிறதே, அது சரியா? சிறகை அசைக்காமல் மிதப்பவருக்கு ஆற்றல் தருவது அவர் இழக்கும் உயரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேல் பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுவதைப் பாருங்கள். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அதைத் தாங்குகிறது. எனவே மிதப்பதற்குத் தெம்பு செலவாகக் கூடாது என்று தோன்றும்.

ஆனால் என் வகுப்பு மாணவர் ஒருவர் இதைப் பற்றியே கேட்டார்: “சார், பாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் வேலை சுழி என்கிறீர்கள். அப்புறம் கை ஏன் வலிக்கிறது?” பாடநூலின் வேலை, விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்தது. தசையோ அசையாமல் நிற்கும்போதும் அதனுள்ளே இழைகள் ஓயாமல் இழுத்தும் விட்டும் எரிபொருளைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றன. ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவைக்கு, விரித்த சிறகை அப்படியே பூட்டி வைக்கும் தசைநாண் தோளில் உண்டு. மனிதத் தோளுக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆகவே ஃபீனிக்ஸ் களைத்துப்போவதை முழுப் பிழை என்று தள்ளுவதற்கில்லை.

உண்மையில் பறந்த டைடலஸ்

புராணத்தில் டைடலஸ் கிரீட் தீவிலிருந்து பறந்து தப்பினான். 1988 ஏப்ரல் 23இல் ஒரு மனிதர் அதை மெய்ப்பித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் அமைத்த ‘டைடலஸ்’ என்னும் வானூர்தியை, கானெல்லோஸ் கானெல்லோபுலோஸ் என்னும் கிரேக்க மிதிவண்டி வீரர் காலால் மிதித்தே ஓட்டினார். கிரீட்டிலிருந்து சாந்தோரினி வரை சுமார் 115 கிலோமீட்டர். நேரம் 3 மணி 54 நிமிடம். ஊர்தியின் எடை ஏறத்தாழ 31 கிலோகிராம். சிறகின் நீளமோ 34 மீட்டர்! அவர் இடைவிடாமல் தந்த திறன் ஏறத்தாழ 200 வாட். நாம் மேலே கணக்கிட்ட 196 வாட்டுடன் இதை ஒப்பிடுங்கள். பயிற்சி பெற்ற ஓர் உடல் மணிக்கணக்கில் தரக்கூடியது அவ்வளவுதான். அதனால்தான் அத்தனை நீளச் சிறகு வேண்டியிருந்தது. ஃபீனிக்ஸின் முதுகிலுள்ள சிறகு தோளைத் தாண்டிச் சிறிது தூரமே விரிகிறது. அதைக் கொண்டு ஒரு மனிதர் மிதக்க முடியாது.

மெழுகு உருகிய கதையையும் சற்று ஆராய்வோம். தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். வளிமண்டலத்தின் கீழ் அடுக்கில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை வீதம் வெப்பநிலை குறைகிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் 30 பாகை என்றால், 5 கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலை வந்துவிடும். கதிரவனோ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் 5 கிலோமீட்டர் நெருங்கி என்ன பயன்? இக்காரஸ் உயரே செல்லச் செல்ல மெழுகு இறுகியிருக்கும். சம்பாதியின் சிறகும் கருகியிராது, குளிரில் விறைத்திருக்கும்!

விதியை மீறும் இடங்கள்

காற்றில் இருக்கும்போதே ஃபீனிக்ஸ் இரண்டாம் முறை எம்பிக் குதிக்கிறாள். உதைப்பதற்குத் தரை இல்லையே என்றால், சிறகு காற்றை உதைக்கிறது எனச் சமாதானம் கூறலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் உயரம் எழ, விநாடிக்கு 4.4 மீட்டர் வேகம் வேண்டும். 60 கிலோகிராம் உடலுக்கு அது 266 அலகு உந்தம். காற்றை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளினால், 26.6 கிலோகிராம் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோகிராம். ஆக, 22 கன மீட்டர்! ஒரு சிறிய வீட்டு அறையின் காற்று முழுவதையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே தள்ளியாக வேண்டும்.

ஹெரக்கிளிசின் கைக்காப்பு இன்னும் வேடிக்கையானது. அதை அணிந்தால் பெரும்பாறைகளைத் தொடாமலே தூக்கி வீசலாம். ஒரு டன் பாறையை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வீசியவர் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் பறக்க வேண்டும். ஃபீனிக்ஸோ ஓர் அடிகூடப் பின்வாங்குவதில்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் பின்புறத்தில் எதிர் எடையைச் சுமந்து நிற்பது ஏன் என்பதை இவ்விளையாட்டை மட்டும் கண்டவர் அறிய மாட்டார்.

இவற்றைக் குற்றப் பட்டியலாகக் கூறவில்லை. எந்த விதி எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு. வகுப்பில் அதைச் செய்து பாருங்கள்; உந்தம் என்னும் சொல்லைக் கேட்டாலே உறங்கும் மாணவர்கள் தாள் எடுத்துக் கணக்குப் போடுவார்கள்.

புதிர் அறைகளும் சில குறைகளும்

டார்டரஸ் எனப்படும் பாதாள அறைகளே இவ்விளையாட்டின் சிறந்த பகுதி. அழுத்தினால் கதவு திறக்கும் பலகைகள், கனத்த பெட்டிகள், உருளும் பந்துகள், மேல்நோக்கி வீசும் காற்று, எய்த பின்னும் நாமே திருப்பி ஓட்டக்கூடிய அம்பு ஆகியவை அங்கே உள்ளன. எதை எங்கே வைத்தால் வழி பிறக்கும் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. ஒன்றை ஊகிக்கிறோம், செய்து பார்க்கிறோம், தவறினால் ஊகத்தை மாற்றுகிறோம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பிக்க விரும்பும் முறை இதுவன்றோ? செய்முறைத் தேர்வுக்கு விடைகளை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த அறைகள் நல்ல மருந்து.

ஆனால் அறைகள் பெருகப் பெருக ஒன்றன் சாயல் மற்றொன்றில் தெரிகிறது. உயரமான சிலைமேல் ஏறித் தொலைநோக்கால் சுற்றிப் பார்த்தால் புதையலும் புதிரும் வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு தேடுவது ஏது? குறிகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் அலுவலக வேலையே மிஞ்சுகிறது. 2017 மார்ச் மாதம் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘செல்டா’ வரிசை விளையாட்டு இதற்கு மூத்தது. மலையேற்றம், மிதத்தல், களைப்புப் பட்டை யாவும் அதில் உண்டு. அதில் புல்லில் தீ வைத்தால் சூடான காற்று எழும். அக்காற்றில் ஏறி மிதக்கலாம். இடி மழையில் இரும்பு வாள் ஏந்தினால் மின்னல் தாக்கும். இயற்கை விதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்த வியப்பு ஃபீனிக்ஸின் தீவில் குறைவே.

சிவந்த வானமும் கறுத்த கழிமுகமும்

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைக் காண எண்ணூரில் வாழ்ந்திருக்க வேண்டும் போலும்.

டைஃபானின் ஏவலால் அக்கிலீஸ் முதலிய பழைய வீரர்களின் ஆவிகள் ஃபீனிக்ஸைத் துரத்தி வரும்போது வானம் செக்கச்சிவந்து விடுகிறது. அந்த ஆவியை அதன் இருப்பிடத்திலேயே வென்றுவிட்டால் வானம் தெளிந்துவிடும். தேவர் ஒருவரை மீட்டால் கேடு நீங்கிவிடும். ஒரு வாள்வீச்சு, எல்லாம் பழையபடி!

2017 ஜனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மாணவரும் தொண்டரும் கரையில் நின்று வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் படகில் சென்று கையாலேயே அதைச் சேகரித்தார்கள். வலையும் படகும் கறுத்தன. கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் ஒட்டியது. பறக்க முடியாத சிறகு என்றால் என்ன என்பதை அப்போது கண்டோம்.

கொட்டுவது எளிது, திரட்டுவது ஏன் இவ்வளவு கடினம்? ஒரு லிட்டர் எண்ணெய் நீர்ப்பரப்பில் ஒரு மைக்ரான் தடிப்பில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். அதாவது ஏறத்தாழ நாலரை கிரவுண்டு! பரவுவதற்கு எவரும் உழைக்க வேண்டியதில்லை. அது தானே நடக்கும். திரும்பச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வேலை செய்தாக வேண்டும். சிதறியது தானாக ஒன்றுகூடுவதில்லை என்பதைத்தான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கூறுகிறது. நியூட்டனின் விதியை விளையாட்டில் மீறினால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த இரண்டாம் விதியை மறந்து வளரும் தலைமுறை, கெட்டதை ஓர் அடியில் சரிசெய்துவிடலாம் என்று நம்பத் தொடங்கினால் கடலும் ஆறும் என்னாவது?

நம் கதைகளுக்கும் ஒரு தீவு

ஆகவே இவ்விளையாட்டை ஆடலாமா என்றால், ஆடலாம் என்பதே என் முடிவு. ஆடும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

கிரேக்கர் தம் பழங்கதைகளைத் தந்தார்கள். கனடாக்காரர்கள் அவற்றை விளையாட்டாக்கினார்கள். நம்மவரும் சும்மா இருக்கவில்லை. புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் குழுவினர் நம் புராணங்களைக் கொண்டு 2020இல் ‘ராஜி’ என்னும் விளையாட்டைச் செய்தார்கள். கனடாவின் டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை விளையாட்டாக்கியது. எனினும் மணிமேகலை இன்னும் காத்திருக்கிறாள். கடல் நடுவே மணிபல்லவத் தீவு; வான்வழி செல்லும் மந்திரம்; அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. திறந்த உலக விளையாட்டுக்கு வேறென்ன வேண்டும்? நிரலெழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் அத்தீவைப் படைக்கட்டும். அமுதசுரபிக்குள் அவ்வளவு சோறும் எங்கிருந்து வருகிறது, பொருள் அழியா விதி என்னாயிற்று என்று கேட்க, தமிழ் வழி மாணவர் ஒருவர் முதல் வரிசையில் அமர்ந்திருப்பார்.