அளந்து பேசும் வானொலி

தலைப்பைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு நழுவக் கூடாது. யாராவது தடுமாறினால் எதிராளி உடனே மணியடித்து மீதி நொடிகளைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ‘ஜஸ்ட் எ மினிட்’ என்ற இந்த விளையாட்டு பிபிசியின் ரேடியோ 4 நிலையத்தில் 1967 டிசம்பரில் தொடங்கியது. நிக்கோலஸ் பார்சன்ஸ் அதை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். நாமே பேசிப் பார்த்தால் பத்தாவது நொடியில் ‘வந்து…’ என்று நாக்கு இழுக்கும்.

ரேடியோ 4 அந்தப் பெயரில் ஒலிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்றுதான். அதன் நாள் முழுவதையும் ஆள்பவை அந்த விளையாட்டின் விதிகளே என்று எனக்குப் படுகிறது. விடியலிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை பெரும்பாலும் பேச்சுதான்: செய்தி, நாடகம், விவாதம், நூல் வாசிப்பு, தோட்டக்கலை, நகைச்சுவை. இவ்வளவு பேச்சையும் சலிக்காமல் கேட்க முடிகிறதென்றால், எல்லாம் அளந்து வெட்டப்பட்டவை என்பதே காரணம்.

அளவுகோல் காதிலேயே விழும். மணி பிறக்கும்போது ஆறு ‘பிப்’ ஒலிகள்: ஐந்து குறில், கடைசியில் ஒரு நெடில். அந்த நெடில் தொடங்கும் கணம்தான் மணியின் தொடக்கம். 1924 முதல் பிபிசியில் பிப் ஒலிக்கும் வழக்கம் இருக்கிறது. பிப் மேல் பேச்சு விழுந்தால் அது தொழிலில் இழுக்கு. நேரலையில் விருந்தினர் நீட்டிக்கொண்டே போகலாம். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி அவரை நோகாமல் நிறுத்தி, நன்றி சொல்லி, அடுத்த நிகழ்ச்சியையும் அறிவித்துவிட்டு முதல் குறிலுக்கு வழிவிட வேண்டும். பழகிய கை அதைச் செய்வது நமக்குத் தெரியவே தெரியாது.

1957 முதல் வரும் காலை நிகழ்ச்சி ‘டுடே’க்குப் பெயர் பெரிது. எட்டு மணிச் செய்தி முடிந்ததும் அமைச்சர்களைக் குடைந்தெடுக்கும் நேர்காணலுக்கு நாடே காதுகொடுக்கும் என்பார்கள். என் ரசனைக்கு அது கொஞ்சம் குறைதான். பதில் பாதி வெளிவரும் முன்பே அடுத்த கேள்வி பாய்கிறது; கடிகாரம் அங்கே பேச்சைக் கூர்மையாக்குவதை விட்டுவிட்டுப் பதற்றமாக்கிவிடுகிறது.

அதே கடிகாரத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் மெல்வின் பிராக். 1998இல் தொடங்கிய ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை 2025 வரை அவர்தான் நடத்தினார். மூன்று பேராசிரியர்கள், ஒரே பொருள். ஒரு வாரம் கருந்துளை, இன்னொரு வாரம் ஏதோ ஓர் இடைக்காலக் கலகம். வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்குள் இறங்கிவிடுவார். நகைப்பு, அரட்டை, வாழ்க்கைக் குறிப்பு எதுவும் கிடையாது. பேராசிரியர் கிளைக்கதைக்குள் போனால், ‘அதற்குப் பிறகு வருவோம்’ என்ற பாணியில் ஒரு சொல், அவ்வளவுதான். கேட்பவருக்கு இது புரியாது என்ற சந்தேகம் அவரிடம் இருந்ததே இல்லை. அந்த மரியாதைதான் நிகழ்ச்சியின் உயிர்.

இரவு ஏழு மணிக்கு ‘தி ஆர்ச்சர்ஸ்’. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகிறது. போருக்குப் பின் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில், உழவர்களுக்குப் புதிய வேளாண் முறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. இன்றும் ஒரு பகுதி கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒலிக்கூடத்தில் பழைய இஸ்திரிப் பலகையைக் கிறீச்சிட வைத்தால் அது பண்ணையின் இரும்புக் கதவு. பழைய ஒலிநாடாவைக் கசக்கினால் அது காலடியில் மிதிபடும் வைக்கோல். கதவின் நிறம், வயலின் பரப்பு, கதவைத் திறந்தவரின் முகம் ஆகிய மற்றவற்றைக் கேட்பவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த அளவுக் கலையின் உச்சம், இலக்கியமாக எழுதப்படாத ஒன்று: கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சூழ்ந்த கடலை 31 பரப்புகளாகப் பிரித்து, வைக்கிங், டாகர், ஃபாஸ்ட்நெட், ராக்கால் என்று வலமாகச் சுற்றி வாசிப்பார்கள். முகப்பு நீங்கலாக 350 சொற்களுக்குள் முடிய வேண்டும். நள்ளிரவு அறிக்கைக்குச் சற்றே கூடுதல். அதனால் தேவையற்றது எல்லாம் உதிர்ந்துவிட்டது. ‘தென்மேற்கு 5 முதல் 7. மழை. நன்று, சில வேளை மோசம்.’ ஒரு பரப்புக்கு இவ்வளவுதான். காற்று என்ற சொல் இல்லை, பார்வைத்தொலைவு என்ற சொல்லும் இல்லை. வரிசை மாறாததால் மாலுமிக்கு விளங்கிவிடும். ‘நன்று’ என்றால் ஐந்து கடல்மைலுக்கு மேல் கண் தெரியும் என்று பொருள். புயல் எச்சரிக்கையில் ‘உடனே’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள். ‘விரைவில்’ என்றால் ஆறு முதல் பன்னிரண்டு. ‘பின்னர்’ என்றால் அதற்கும் மேல். ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கட்டியிருக்கிறார்கள். கடலையே பார்க்காதவர்களும் இதை விரும்பிக் கேட்கிறார்கள். வாசிப்பவரின் குரல் நிதானமானது. பெயர்களின் ஓசை அழகு. அழகுக்காக ஒரு சொல்லும் சேர்க்கப்படாததால்தான் அந்த ஓசை நமக்குக் கேட்கிறது.

இப்போது பாட்காஸ்ட் காலம். இருவர் மைக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். தடுக்கக் கடிகாரம் இல்லை. அதில் நட்பின் சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதரைப் புடைக்கும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. ரேடியோ 4இல் அந்த வேலையை ஒலிவாங்கி திறக்கும் முன்பே யாரோ முடித்துவைத்திருக்கிறார்கள். பேசத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஒரு முழு நாளை நடத்துவதுதான் அரிது.