தென்மாவும் தோழர்களும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குறித்த ஒரு மதிப்பீடு

தென்மா சென்னையைச் சேர்ந்த சுயாதீன இசைக்கலைஞர். பாடகர், பாடலாசிரியர், இசைத் தயாரிப்பாளர். ராக் இசையில் தொடங்கி, கானா, பறை, ராப் ஆகியவற்றை ஒரே மேடைக்குக் கொண்டுவந்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவை இயக்குநர் பா. இரஞ்சித்துடன் இணைந்து 2017-இல் உருவாக்கினார். அக்குழுவின் பாடல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் அரசியலை மட்டுமே பேசுகின்றனர். ஆதரிப்பவர்களும் அப்படித்தான், எதிர்ப்பவர்களும் அப்படித்தான். பாடலைப் பாடலாகக் கேட்டவர்கள் குறைவு.

ராக் மேடையும் தமிழும்

சென்னையில் ராக் இசை நெடுங்காலம் ஆங்கிலம் பேசியது. ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’, எங்கள் சேலையூரை ஒட்டியுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ‘டீப்வுட்ஸ்’ போன்ற விழாக்களே அதன் இடம். அங்கே கிட்டார் வாசித்தவர்களின் வீட்டுமொழி தமிழாக இருந்தாலும் பாட்டு தமிழில் வராது. தமிழில் பாடினால் ‘சினிமாப் பாட்டு’ ஆகிவிடும் என்ற கூச்சம் ஒரு காரணம். தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டு விற்காது என்ற நிலை இன்னொரு காரணம்.

கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’ இந்தக் கூச்சத்தை விட்ட குழுக்களில் ஒன்று. கபேர் வாசுகியின் வரிகள் பேச்சுத்தமிழில் அமைந்தவை. நண்பனிடம் சொல்வதுபோலத் தொடங்கும்; மெட்டு பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்ளும். பேச்சின் நீட்டல் குறுக்கலைத் தாளம் சிதைக்கக் கூடாது என்ற கவனத்தைத் தென்மா இங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பின்னாளில் கானாப் பாடகர்களோடு வேலை செய்தபோது அவருக்குக் கைகொடுத்தது இதுவே.

குழு உருவான விதம்

இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனமும் சேர்ந்து கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. பத்தொன்பது பேர் கொண்ட குழு அமைந்தது. பலர் வடசென்னையின் கானாப் பாடகர்கள். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. மாதம் மார்கழி என்பதைக் கவனிக்க வேண்டும். சபாக்களில் கச்சேரி நடக்கும் அதே நாட்களில், ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்து, சாவு வீட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் வாசித்துப் பழகிய கைகள் மேடையேறின. ‘மகிழ்ச்சி’ என்ற தொகுப்பு பின்னர் வெளிவந்தது.

இசை

கானாவுக்கு முதல் கருவி கையில் அகப்படும் எதுவோ அது. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் பெட்டியின் தகரம், வகுப்பறையில் பெஞ்சு. பள்ளிகளில் பெஞ்சைத் தட்டும் பையனுக்கு வெளியே நிற்கும் தண்டனைதான் வழக்கம். அவன் தட்டுவது கணக்குப் பிசகாத தாளம் என்பதை எத்தனை ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள்?

இந்தத் தாளத்தோடு ராக் டிரம்ஸைச் சேர்ப்பது எளிதன்று. ராக்கின் அடி பெரும்பாலும் நான்கு நான்காக நிற்கும். கானாவிலும் சாவுக்கூத்திலும் அதிகம் கேட்கும் நடை மும்மூன்றாக உருளும். சினிமா இதற்குக் கண்ட வழி, கானாவை மெருகேற்றி நேராக்குவது. 1990-களில் தேவா கானாவைத் திரைக்குக் கொண்டுவந்து பெரும்புகழ் பெறச் செய்தார். ஆனால் சாவு வீட்டின் துக்கம் அதில் பெரும்பாலும் கழன்று, கேலியும் காதலும் தங்கின. இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’யில் (2012) கானா பாலாவின் குரல் அந்தத் துக்கத்தைக் கொஞ்சம் மீட்டது. தென்மா வேறு வழி எடுத்தார். சட்டியும் கட்டமோளமும் பறையும் முன்னே நடக்க, கிட்டாரும் டிரம்ஸும் பின்னே வருகின்றன. பாடகரின் உச்சரிப்பை அவர் திருத்தவில்லை. ழகரம் எங்கே ளகரமாகிறதோ அங்கே அப்படியே விட்டிருக்கிறார். தமிழாசிரியர்களுக்கு இது உறுத்தும். உறுத்தட்டும், அது பாடுபவரின் தெருவின் தமிழ்.

‘கோட்டா’ பாடலை எடுத்துக்கொள்வோம். இடஒதுக்கீட்டை ஏளனம் செய்பவருக்குப் பதில் சொல்லும் பாட்டு. கோபம் இல்லாமல் கிண்டலாகவே கணக்கு கேட்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூல் பல பக்கங்களில் விளக்க முயல்வதை நான்கைந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. எல்லாப் பாடல்களும் இந்த உயரத்தில் இல்லை. சில பாடல்கள் முழக்கத்தை மெட்டில் ஏற்றியவை மட்டுமே. தலைவர்களின் பெயர் வரும் இடத்தில் கைதட்டல் கிடைக்கும், பாட்டு அங்கேயே நின்றுவிடும். ஒலிப்பதிவுகளில் இன்னொரு குறை உண்டு. மேடையில் பத்தொன்பது பேர் ஒருவரை ஒருவர் தூண்டிவிடும் முரட்டுத்தனம் ஸ்டுடியோவில் அடங்கி, ஓசை சுத்தமாகி, வேகம் குறைந்துவிடுகிறது. ‘மகிழ்ச்சி’யை மட்டும் கேட்டவர்களுக்குக் குழுவின் பாதியே தெரியும்.

தோழர்கள்

குழுவிலிருந்து இரண்டு பெயர்கள் தனித்து உயர்ந்தன. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019-இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகமெங்கும் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இல்லாதது சர்ச்சையானது. பாடலை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்ற வாதம் 2022-இல் மீண்டும் எழுந்தது. கானா வாய்வழி வந்த கலை. யார் கட்டிய பாட்டு என்ற கேள்வி சாவு வீட்டில் எழாது. பணமும் ஒப்பந்தமும் வரும் இடத்தில் அந்தப் பழக்கமே கலைஞனுக்கு எதிராகத் திரும்புகிறது.

இசைவாணி பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் நிலைத்த பெண் குரல். 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-ஆம் ஆண்டில் குழு பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலுக்காக 2024 நவம்பரில் அவர்மீது புகார்கள் அளிக்கப்பட்டன. இணையத்தில் வசைகள் குவிந்தன. பாடல் குழுவினுடையது. வசை மட்டும் பாடிய பெண்ணுக்கு. புகழைப் பங்குபோடத் தெரியாத ரசிக உலகம் பழியையும் ஒரே தலையில் ஏற்றுகிறது.

ஜமைக்காவின் ‘வெய்லர்ஸ்’ குழுவில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 1973-இல் இரண்டு தொகுப்புகள் வெளியிட்ட பின், பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் 1974-இல் விலகினர். அதன்பின் குழுவின் பெயருக்கு முன்னால் பாப் மார்லியின் பெயர் வந்து அமர்ந்தது. சென்னையில் அப்படி நடக்கவில்லை. தென்மா தன் பெயரைக் குழுவின் நெற்றியில் ஒட்டவில்லை. இதை அவருடைய பெரிய சாதனையாகவே கருதுகிறேன். ஆனால் சட்டியும் கட்டமோளமும் அடிப்பவர்கள் இன்னும் ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் இருக்கிறார்கள். பாடல்களின் ஓசையைத் தீர்மானிப்பது அவர்கள் கை.

தென்மா பின்னர் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். இரண்டாவது படத்தில் நாடகக் குழு ஒன்றின் கதைக்கு ஏற்றபடி பல குரல்கள் கலக்கும் இசையைத் தந்திருக்கிறார். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பெற்ற பயிற்சி அதில் தெரிகிறது. புதிதாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் ஒலித்தொகுப்புக்கு முன் மேடைப் பதிவுகளைப் பார்ப்பது நல்லது. அவை இணையத்தில் கிடைக்கின்றன. முதல் தடவை பாடுபவரைப் பாருங்கள். இரண்டாம் தடவை சட்டி அடிப்பவரை.