அரை நாள் பள்ளி, அரை நாள் அடுப்படி

ஒருவர் எந்தக் கட்சி என்று தெரிந்தால், கல்வி பற்றி என்ன சொல்வார் என்பதைத் தமிழ்நாட்டில் ஓரளவு ஊகித்துவிடலாம். இருமொழியா மும்மொழியா, நீட் வேண்டுமா வேண்டாமா, புதிய கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா. மூன்று கேள்விகள் போதும். நான்காவதாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "உங்கள் மகளை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்?" கறுப்புச் சட்டை, செங்கொடி, காவித் துண்டு என்று எல்லார் வீட்டிலும் நான் அதிகம் கேட்ட பதில் ஒன்றுதான்: "பக்கத்துலயே ஒரு டிகிரி முடிச்சிட்டு பி.எட். பண்ணட்டும். பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலைதான் நல்லது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்க வேண்டும். 'குலக்கல்வி' என்று பெயர் சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். நம் சமூகநீதி வரலாற்றின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தக் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? நான் கேட்டு வளர்ந்த மேடைப் பேச்சுகளில், சலவைத் தொழிலாளி மகன் துணி வெளுக்க வேண்டுமா, குயவர் மகன் பானை வனைய வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். எல்லாரும் மகன்கள். மகள் என்ன செய்வாள்? திட்டத்திலேயே அதற்குப் பதில் இருந்தது. ஆண் பிள்ளை அப்பாவிடம் தொழில் கற்பான், பெண் பிள்ளை அம்மாவிடம் வீட்டு வேலை கற்பாள். எந்தக் குலமானாலும் அவளுக்கு அதே பாடத்திட்டம்தான். நெசவாளர் வீட்டில் தார் சுற்றுவதும், குயவர் வீட்டில் மண் பிசைவதும் பெண்கள் செய்யும் வேலை. அவை தொழிலாகக்கூட அவள் கணக்கில் ஏறவில்லை. 'குலக்கல்வி' என்ற சொல் சாதியைச் சரியாகப் பிடித்தது. அடுப்படி அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

அதனால்தான் மகனுக்கு ரத்தான திட்டம், மகளுக்கு அரசாணை இல்லாமலேயே நடக்கிறது. பகலில் வகுப்பறை, சாயங்காலம் சமையலறை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டது. பள்ளிகளில் பெண்களை ஆசிரியர்களாக நியமிக்கச் சொன்னது. சொத்தும் சம்பளமும் பெண் கைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை அது. அதே ஆசிரியர் வேலையை இன்று சமையல் நேரத்துக்கு இடைஞ்சல் தராத வேலை என்று பரிந்துரைக்கிறோம்.

அரசுத் திட்டங்களிலும் இந்த இழுபறி தெரிகிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்தது திருமண நிதியுதவி. 2011க்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கு 25,000 ரூபாய், பட்டத்துக்கு 50,000, கூடவே தாலிக்குத் தங்கம். ஏராளமான பெண்களைப் பள்ளியில் தக்கவைத்த திட்டம்தான். ஆனால் படிப்புக்கான பரிசு கல்யாணத்தன்றுதான் கிடைக்கும். 2022இல் அது 'புதுமைப் பெண்' ஆனது. உயர்கல்வி படிக்கும் அரசுப் பள்ளி மாணவியின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய். மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொகை சிறிது, மாற்றம் பெரிது.

எதிர்த்திசையில் 2020 தேசியக் கல்விக் கொள்கை. கல்லூரியில் ஓராண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டாண்டோடு நின்றால் டிப்ளமோ. இதை நெகிழ்வு என்கிறார்கள். வரன் வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது யார் படிப்பு என்று எந்த வீட்டிலும் தெரியும். வெளியேறும் வழியை அகலமாக்கினால் முதலில் வெளியே அனுப்பப்படுபவள் மகள்.

ஆகவே, தோழர்களே, அந்தக் கொள்கையை எதிர்ப்பதில் நானும் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் மகளைத் தூரத்துக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் உண்மையான பயங்கள் இருக்கின்றன. விடுதி, பேருந்து, ஊர்ப்பேச்சு. விடுதியும் பேருந்தும் அரசிடம் கேட்க வேண்டியவை. ஊர்ப்பேச்சுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சாயங்கால அடுப்படிக்கோ அரசு எதுவும் செய்ய முடியாது. மகன் விளையாடப் போகும் நேரத்தில் மகள் பாத்திரம் கழுவுகிறாள் என்றால், எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அந்த வீட்டில் 1953ஆம் ஆண்டுத் திட்டம் அமலில் இருக்கிறது. அதை ரத்து செய்ய எந்த முதலமைச்சரும் பதவி விலக வேண்டியதில்லை. மகனைக் கூப்பிட்டுப் பாதிப் பாத்திரத்தைக் கொடுங்கள்.