ஏமாற விரும்பியவர்

மோலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்தில், பக்தி வேடமிட்டு ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்ட தார்த்தூஃப் மேடைக்கு வருவது மூன்றாம் அங்கத்தில்தான். அதுவரை அவனை முன்னிட்டு வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது. பார்ப்பவர் யாரும் அவனை ஒரு கணம்கூட நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது என்றே இரண்டு அங்கங்களைச் செலவிட்டதாக, 1669இல் அச்சான நூலின் முன்னுரையில் மோலியேர் சொல்கிறார். சொல்லவேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. 1664இல் பதினான்காம் லூயி மன்னர் முன் வெர்சாயில் நடித்ததுமே பொதுமேடைக்குத் தடை. 1667இல் தலைப்பையும் நாயகன் பெயரையும் மாற்றிப் போட்டார். மறுநாளே மீண்டும் தடை. பார்த்தாலும் படித்தாலும் திருச்சபை விலக்கு என்று பாரிஸ் பேராயர் மிரட்டினார்.

பில் அலெக்சாந்தர் இயக்கிய ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி தயாரிப்பை 1985இல் பிபிசி தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, தார்த்தூஃபாக நடித்த ஆன்டனி ஷெர் மோலியேரின் அந்த வாக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். வந்து நின்றதுமே இவன் ஆபத்தானவன் என்று தெரிந்துவிடுகிறது. மேடையின் தொலைவில் இது வீரியமாக இருந்திருக்கும். கேமரா முகத்தருகே போனால் ஒரு சிக்கல்: குழந்தைக்கும் புரியும் இந்தக் கயமை வீட்டுத்தலைவர் ஒர்கோனுக்கு மட்டும் ஏன் புரியவில்லை? அவர் வெறும் முட்டாள் என்றால் நாடகமே சரிந்துவிடும்.

சரியவிடாமல் தாங்குபவர் ஒர்கோனாக வரும் நைஜல் ஹாதார்ன். அதே ஆண்டுகளில் ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில் அமைச்சரை விரல்நுனியில் ஆட்டிவைத்த அதிகாரி அவர். இங்கே ஆடுபவராக வருகிறார். ஆனால் இவர் ஏமாறுகிறவர் அல்ல, ஏமாற விரும்புகிறவர். மனைவி காய்ச்சலில் கிடந்ததைப் பணிப்பெண் சொல்லச் சொல்ல, தார்த்தூஃபின் நலத்தையே திரும்பத் திரும்ப விசாரிக்கும் முதல் அங்கக் காட்சியில் சிரிப்பும் வருகிறது, அருவருப்பும் வருகிறது. பக்தி அவருக்குக் கிடைத்த பிரம்பு. அதை ஓங்கி மகனையும் மகளையும் அடக்கலாம். மோலியேர் தாமே நடித்தது தார்த்தூஃப் வேடத்தை அல்ல, ஒர்கோன் வேடத்தைத்தான். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்டபர் ஹாம்ப்டனின் மொழியாக்கம் எதுகையைக் கைவிட்டுவிட்டது. மோலியேரின் ஈரடிகள் தரும் துள்ளல் போயிற்று. பேச்சு இயல்பாக வந்து விழுகிறது. சின்னத்திரைக்கு இது லாபமே.

நஷ்டம் மேசைக் காட்சியில். கணவர் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்க, தார்த்தூஃபின் உண்மை முகத்தைக் காட்ட மனைவி எல்மீர் அவனைப் பேசவைக்கிறாள். இருமி இருமிக் குறிப்பு காட்டியும் அவர் வெளியே வரவில்லை. மேடையில் அந்த மேசை நம் கண்ணைவிட்டு அகலாது. அதன் மௌனம் நீள நீளத்தான் சிரிப்பு. முகங்களை மாற்றி மாற்றிக் காட்டும் கேமரா மேசையை அடிக்கடி வெளியே தள்ளிவிடுகிறது. எல்மீராக வரும் அலிசன் ஸ்டெட்மனின் பதற்றமும் சலிப்பும்தான் காட்சியைக் காப்பாற்றுகின்றன.

அரசனின் அதிகாரி வந்து எல்லாவற்றையும் சீர்செய்யும் முடிவு எழுத்திலேயே பலவீனமானது; திரையில் அது இன்னும் நீளமாகத் தெரிகிறது.

ஷெருக்காக இதைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமிராது. ஆனால் இந்தப் பதிவை இன்றும் பார்க்கத்தக்கதாக்குவது ஹாதார்னின் ஒர்கோன்தான்.