மயக்கியவன் யார்?

'பிகைல்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஏமாற்றுவது, வசீகரிப்பது என்று இரண்டு பொருள். நம்ம 'மயக்கு' மாதிரி. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் இரண்டுமே வருகின்றன. தன் மகளை எவனோ மருந்து வைத்து மயக்கிவிட்டதாகப் பிரபான்ஷியோ முறையிடுகிறார். அந்தக் குற்றவாளியைப் பற்றிப் பேச வெனிஸ் டியூக் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒதெல்லோவும் அதையே சொல்கிறான். தான் பட்ட பாடுகளைச் சொல்லி டெஸ்டிமோனாவின் கண்ணீரை வரவழைத்தானாம்!

முதல் வாசிப்பில் இதைச் சிலேடை என்று கடந்துவிட்டேன். இப்போ அப்படித் தோணலை. கறுத்தவன் தன் சொந்தக் கதையைச் சொன்னால், பெண்ணைப் பெற்றவருக்கு அது சூனியம். பொய்க்கதை கட்டும் இயாகோவையோ கடைசிவரை 'நேர்மையானவன்' என்றே நம்புகிறார்கள். அந்தச் சொல் உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்று தெரியவரும்போது டெஸ்டிமோனா உயிரோடு இல்லை.