கதவு திறந்த நொடி

கதவு திறந்திருக்கிறது. ஒருவன் உள்ளே வந்து நிற்கிறான். பழுப்பு மேலங்கி, நெடுவழி நடந்து களைத்த காலணிகள், ஒட்டிப்போன கன்னம். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். இன்னும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரஷ்ய ஓவியர் இல்யா ரெபின் 1884-இல் காட்சிக்கு வைத்த இந்தத் தைலவண்ண ஓவியத்தின் பெயர் 'எதிர்பார்க்கவில்லை'. யார், யாரை என்று ரஷ்யத் தலைப்பு சொல்வதில்லை. எழுவாய் இல்லாத அந்த வினையைத் தமிழிலும் அப்படியே சொல்ல முடிகிறது.

வந்தவன் அரசியல் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவன். அதைச் சுவர்தான் நமக்குச் சொல்கிறது. எளியவர்களுக்காகப் பாடிய ஷெவ்சென்கோ, நெக்ராசோவ் ஆகிய கவிஞர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றோடு கிறிஸ்துவின் சிலுவைப்பாட்டைக் காட்டும் படம். இன்னொரு படத்தில், 1881-இல் புரட்சிக்காரர்களின் குண்டுக்குப் பலியான ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் மரணப்படுக்கையில் கிடக்கிறார். இந்த வீடு எதை நம்பியது, எதற்கு விலை கொடுத்தது என்பதெல்லாம் அந்தச் சின்னச் சட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இனி மனிதர்களைப் பாருங்கள். உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம்; அது எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் மூன்று இந்த ஒரே அறையில் இருக்கின்றன. மேசையருகே சிறுவனின் முகத்தில் உவகை. அவனுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் சிறுமியிடம் அச்சம். தலையைத் தாழ்த்தி, புருவத்துக்கு அடியிலிருந்து பார்க்கிறாள். அப்பா போனபோது அவள் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும். பியானோ முன் இருக்கும் மனைவியிடம் மருட்கை, அதாவது வியப்பு; அது உவகையாக மாறத் தொடங்கியிருக்கிறது, மாறி முடியவில்லை. எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள் என்பதை இந்த இரண்டு குழந்தைகளின் முகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டிலேயே ரெபின் சொல்லிவிடுகிறார்.

எனக்கு இந்த ஓவியத்தின் உயிர் வந்தவனின் தாயிடம் இருக்கிறது. கறுப்பு உடையில், நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறாள். முகம் நமக்குச் சரியாகத் தெரியாதபடி திரும்பியிருக்கிறாள். நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கூனியிருக்கும் அந்த முதுகில்தான் எல்லாம் இருக்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லில் 'மெய்' ஏன் முன்னால் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அவளுக்கும் மகனுக்கும் நடுவே கொஞ்சம் வெறுந்தரை. நான்கு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். ஆனால் யாரும் இன்னும் கடக்கவில்லை.

இவ்வளவு கனமான கதைக்கு ரெபின் இருட்டைத் தேடவில்லை. பின்னாலிருந்து பகல் வெளிச்சம் தாராளமாக வருகிறது, சுவரில் இளநிறங்கள். அன்றாடத்தின் அந்தத் தெளிந்த ஒளியில் அவனுடைய மேலங்கி மட்டும் வேறு உலகத்துத் துணியாகத் தெரிகிறது. சோகத்தை வண்ணத்தில் ஏற்றாமல் வேறுபாட்டில் ஏற்றியதுதான் இங்கே கைத்திறன்.

அவருக்கு அடங்காமல் போனது ஒரே முகம், வந்தவனுடையது. ஓவியத்தை 1885-இல் கலைச் சேகரிப்பாளர் திரெத்யாகோவ் வாங்கிய பிறகும் ரெபின் அதை விடவில்லை. திரெத்யாகோவ் இல்லாத நேரத்தில் ஒருமுறை மாற்றி வரைந்தார்; திரெத்யாகோவ் வருந்தினார். 1888-இல்தான் இன்றைய முகம் நிலைத்தது. அதில் வீரமும் இல்லை, கழிவிரக்கமும் இல்லை. 'என்னை ஏற்றுக்கொள்வீர்களா?' என்ற தயக்கம் மட்டுமே இருக்கிறது. நான்கு ஆண்டுத் தேடலுக்குத் தகுந்த விடை அது.

1960-களில் வெளிவந்த தம் நூலில், பார்வையின் அசைவுகளை ஆராய்ந்த ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற ரஷ்ய அறிவியலாளர் இந்த ஓவியத்தையே பயன்படுத்தினார். ஓவியத்தைப் பார்ப்பவரிடம் கேட்ட கேள்வி மாறியதும் அவர் கண் போகும் பாதையும் மாறியது. வயதைக் கேட்டால் கண்கள் முகங்களில் தங்கின. எவ்வளவு காலம் பிரிந்திருந்தான் என்று கேட்டால், அவன் முகத்துக்கும் குடும்பத்தார் முகங்களுக்கும் இடையே ஓடி ஓடி வந்தன. பார்ப்பவரின் கண்களே அந்த வெறுந்தரையைக் கடந்துகொண்டிருந்தன.

ஓவியம் மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அச்சுப் பிரதி கிடைத்தாலும் போதும். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வந்தவனை விட்டுவிட்டு, முதலில் அந்தத் தாயின் முதுகைப் பாருங்கள்.